தனியாளாகப் பழிவாங்கும் படம் எடுக்கப் போகிறீர்களா? கதைத்தாளில் இருந்து சென்சார் வரை

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டிங் செய்யும் அண்ணன். அவனுடைய பன்னிரண்டு வயதுத் தம்பியை, யாருக்காகவோ வைத்த குறி தவறி, ஒரு கும்பல் கொன்றுவிடுகிறது. அண்ணன் தனியாகக் கிளம்புகிறான். இதுதான் நாங்கள் எடுத்த படம். 104 நிமிடம், நண்பர்கள் ஆறு பேர் போட்ட 18 லட்சம் ரூபாய். படப்பிடிப்பு 23 நாளில் முடிந்தது. அதற்குப் பிறகு காகிதங்களுக்காக அலைந்ததில் ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதத்தில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யூடியூபில் மட்டும் போடுவதற்கான குறும்படம் என்றால் சென்சார் சான்றிதழ் தேவையில்லை. 8, 9 எண்களை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். ஓடிடியிலும் வயதுப் பிரிவை 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளமே போட்டுக்கொள்ளும். தியேட்டர் என்றால் எல்லாமே வேண்டும்.

1. முதலில் இழப்பை எழுதுங்கள், அடிதடியை அப்புறம் எழுதலாம்

காகித வேலைக்கு முன்னால் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சென்சாரில் கேட்கப்போகும் கேள்விக்கும் தியேட்டரில் கைதட்டல் வருவதற்கும் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்த வகைப் படங்களுக்குக் கூட்டம் ஏன் வருகிறது? நம்மில் பலர் ஏதாவது ஒரு வாசலில் நின்று, நியாயம் கேட்டு, பதில் கிடைக்காமல் வீடு திரும்பியவர்கள். திருப்பி அடிக்க முடிந்ததில்லை. அடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். திரையில் ஒருவன், கூட்டம் சேர்க்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், நமக்காகப் போகிறான். அவன் தனியாகப் போவதால்தான் அது நாமே போவது போல இருக்கிறது. ஆனால் அவன் எதை இழந்தான் என்பது நமக்கு வலித்தால்தான் அவன் பின்னால் போவோம். வலிக்காவிட்டால், யாரோ யாரையோ அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

2014இல் வந்த 'ஜான் விக்' படத்தில் நாயகன் துப்பாக்கி எடுப்பது ஒரு நாய்க்குட்டிக்காக. அது இறந்துபோன மனைவி அவனுக்காக ஏற்பாடு செய்து வைத்திருந்த நாய்க்குட்டி என்பது நமக்கு முன்பே தெரிகிறது. அதனால் அதற்குப் பிறகு எத்தனை பேர் விழுந்தாலும் நாம் கணக்குக் கேட்பதில்லை.

எங்கள் கதையில் நான் முதலில் எழுதியது நீளமான ஒரு அழுகைக் காட்சி. நடித்தவர் நன்றாகத்தான் அழுதார், ஆனாலும் பார்த்தவர்களுக்கு ஒட்டவில்லை. அப்புறம் ஒரு சைக்கிள் வந்தது. தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டுதான் அண்ணன் ஒவ்வொரு இடத்துக்கும் போகிறான். சீட் தம்பியின் உயரத்துக்கு இறக்கி வைத்தது. மிதிக்கும்போது முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது. ஒரு ஸ்பேனர் போதும், சீட்டை ஏற்றிவிடலாம். கையில் ஸ்பேனரோடுதான் அவன் நாள் முழுக்க வேலை செய்கிறான். ஆனாலும் ஏற்றுவதில்லை. இதற்கு ஒரு வசனமும் இல்லை, ஒரு ரூபாய் கூடுதல் செலவும் இல்லை. கதைத்தாளில் இப்படி ஒன்று கிடைக்கும்வரை சண்டைக்காட்சியைத் தொடாதீர்கள்.

2. கதையைப் பதிவு செய்யுங்கள்

மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். திரைக்கதை இலக்கியப் படைப்பாகப் பதிவாகும். கட்டணம் 500 ரூபாய். முடிந்த படத்தைத் திரைப்படமாகப் பதிவு செய்யக் கட்டணம் 5,000 ரூபாய். விண்ணப்பித்த உடனே டைரி எண் (விண்ணப்பத்துக்கான பதிவு எண்) கிடைக்கும். அதன்பின் யாராவது ஆட்சேபம் தெரிவிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பது கட்டாயம். அதற்கும் பிறகுதான் பரிசீலனை. ஆகவே படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்னால் போய் நிற்காதீர்கள், கதை முடிந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'தம்பியைக் கொன்றவர்களை அண்ணன் தேடிப் போகிறான்' என்ற கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய காட்சிகளுக்கும் வசனத்துக்கும்தான் பாதுகாப்பு. இரண்டு பக்கச் சுருக்கத்தைப் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. முழுத் திரைக்கதையையும் போடுங்கள். சென்னையில் எழுத்தாளர் சங்கத்திலும் பதிவு செய்துவைப்பது நல்லது. தகராறு என்று வந்தால் சினிமாக்காரர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

3. தலைப்பு, கம்பெனி, ஒப்பந்தம்

தயாரிப்பாளர் அமைப்பு ஏதாவது ஒன்றில் உறுப்பினராகி, தலைப்பைப் பதிவு செய்து கடிதம் வாங்க வேண்டும். தலைப்புப் பதிவை விட உறுப்பினர் கட்டணம்தான் பெரிய தொகை. பட்ஜெட் போடும்போதே இதை ஒதுக்குங்கள். நாங்கள் ஒதுக்காததால் டப்பிங் பணத்தில் கைவைக்க வேண்டி வந்தது.

எந்தப் பெயரில் கம்பெனியோ அதே பெயர், அதே எழுத்துக்கூட்டலில், பான் அட்டை, வங்கிக் கணக்கு, தலைப்புக் கடிதம், நடிகர் ஒப்பந்தம், படத்தின் டைட்டில் கார்டு எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். நண்பர்கள்தானே என்று இசையமைப்பாளரிடமும் எடிட்டரிடமும் எழுதி வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

4. சிறுவர் நடித்தால் கலெக்டர் அனுமதி

பழிவாங்கும் கதையில் பெரும்பாலும் ஒரு குழந்தை இருக்கும். குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் வந்த திருத்தப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை நடிக்கவைக்கப் படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 'படிவம் சி' என்ற உறுதிமொழியும், பெற்றோர் சம்மதமும், நடிக்கப்போகும் பிள்ளைகளின் பட்டியலும் சேர்த்துத் தர வேண்டும்.

நிபந்தனைகள் சுருக்கமாக: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும்.

இந்த ஐந்து மணி நேரம் உங்கள் ஷெட்யூலையே மாற்றும். தம்பியாக நடித்த பையனின் காட்சிகளை மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று எழுதிவைத்திருந்தேன். ஆறு நாள் ஆனது. ஆறு நாள் ஆனதில் எனக்கு வருத்தமே இல்லை. மாலை நான்கு மணிக்கு அவன் வீட்டுக்குப் போனான், அடுத்த நாள் முகம் தெளிவாக வந்தான், நடிப்பும் நன்றாக இருந்தது.

5. நாய், ஆடு, கோழி: எது வந்தாலும் இரண்டு முறை காகிதம்

எங்களை மிக நீளமாக இழுத்தடித்தது இதுதான். படத்தில் விலங்கு நடித்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும். எடுத்து முடித்த பிறகு காட்சியைக் காட்டித் தடையில்லாச் சான்றிதழும் வாங்க வேண்டும். பிந்தைய சான்றிதழ் இல்லாமல் சென்சார் நகராது. விலங்கு ஆரோக்கியமாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றும் வேண்டும். கம்ப்யூட்டரில் செய்த விலங்காக இருந்தால் அது கிராஃபிக்ஸ் என்று நிரூபிக்கும் ஆதாரமும், திரையில் அறிவிப்பும் வேண்டும்.

வாரியம் முன்பு சென்னை திருவான்மியூரில் இருந்தது. இப்போது ஹரியானாவில், பல்லப்கரில் இருக்கிறது. பழைய ஆள் யாராவது 'திருவான்மியூர் போய்க் கேட்டுட்டு வா' என்றால் போக வேண்டாம்.

எங்கள் படத்தில் பட்டறை வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். அது பட்டறை நாய், நாங்கள் கூட்டிவந்தது அல்ல. ஆனால் நாயகன் அதற்கு பிஸ்கட் போடுகிறான். போட்டதுமே அது நடித்ததாகக் கணக்கு. முன் அனுமதி இல்லாததால் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் அந்த ஷாட்டையே நீக்கிவிட்டோம். பட்டறை நாய்க்கு பிஸ்கட் போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேமரா ஓடும்போது போடுவதாக இருந்தால் முதலில் விண்ணப்பியுங்கள்.

6. சண்டைக்குப் பணத்தை விட நாளை அதிகமாக ஒதுக்குங்கள்

18 லட்சத்தில் இரண்டு சண்டைக்கு மட்டும் 4 லட்சம் ஆனது. மூன்று நிமிடச் சண்டை ஒன்றுக்கு ஒத்திகை இரண்டு நாள், படப்பிடிப்பு இரண்டு நாள் என்று வையுங்கள். ஒத்திகையை வெட்டினால் அந்த நேரம் ஸ்பாட்டில் போகும், அதுவும் முழு யூனிட்டுக்கும் பேட்டா கொடுத்துக்கொண்டு.

அனுபவமுள்ள ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாமல் ஒரு தள்ளுமுள்ளுகூட எடுக்காதீர்கள். பெரிய படங்களிலேயே உயிர் போயிருக்கிறது. 2020 பிப்ரவரியில் சென்னை அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். சின்ன பட்ஜெட் என்பதற்காகக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பாட்டில் ஒரு வண்டி, அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் தொலைபேசி எண், முதலுதவிப் பெட்டி, இவை சண்டை நாளில் கேமராவுக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

அரிவாள் ரப்பரில் வேண்டும், இரும்பு அரிவாள் ஒன்று குளோஸப்புக்கு மட்டும். இரண்டையும் ஒரே ஆள் பொறுப்பில் வைத்து, இரும்பு அரிவாளை ஷாட் முடிந்ததும் பூட்டிவையுங்கள். பொம்மைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடப்போகிறீர்கள் என்றால் உள்ளூர் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் இடமாக இருந்தாலும் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

ரத்தத்துக்கு சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், நிறம் இருட்டாக ஒரு சிட்டிகை கோகோ பவுடர். வாயில் பட்டாலும் பயமில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் எறும்பு வரும், ஒரு மணி நேரத்தில் பாகு உலர்ந்து பழுப்பாகும். நாயகனின் சட்டை ஒரே துணியில் நான்கு வேண்டும்: சுத்தமாக ஒன்று, கறை பட்டது ஒன்று, கிழிந்தது ஒன்று, மறுபடி எடுப்பதற்கு ஒன்று. ஒவ்வொரு நாள் முடிவிலும் சட்டையை போட்டோ எடுத்து வையுங்கள். கறை இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கமா என்பது பதினைந்து நாள் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொன்று. 'ஜான் விக்' இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி முன்பு ஸ்டண்ட் கலைஞராக இருந்தவர். அந்தச் சண்டைகளைப் பாருங்கள்; யார் எங்கே நிற்கிறார்கள், அடி எங்கே விழுகிறது என்பது தெரிகிறது. பணம் இல்லாதவர்கள் அரை விநாடிக்கு ஒரு வெட்டு போட்டு எடிட்டில் மறைக்கப் பார்ப்போம். அது வேண்டாம். குறைவான அடி, நீளமான ஷாட், அடித்தவனுக்கும் மூச்சு வாங்க வேண்டும். எங்கள் நாயகன் வெல்டர்; அவன் அடிக்கும் முறை வெல்டர் அடிப்பது போலத்தான் இருக்க வேண்டும் என்று மாஸ்டரே சொன்னார். மூன்று நாள் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அவர் சண்டை அமைத்தார்.

7. டீக்கடை ரேடியோ, சிகரெட்

பின்னணியில் பழைய பாட்டு நான்கு விநாடி ஒலித்தாலும் உரிமை வாங்க வேண்டும். ஒலிப்பதிவு ஒருவரிடம், பாடல் வரியும் மெட்டும் வேறொருவரிடம் இருக்கலாம். சொந்தமாக ஒரு பாட்டு போட்டுக்கொள்வது மலிவு.

நாயகன் பீடி பிடித்தால், படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி சுகாதார விளம்பரமும், 20 விநாடி எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். புகைக்கும் காட்சி முழுக்கக் கீழே எச்சரிக்கை வரியும் ஓட வேண்டும். தம்பி நினைவில் அண்ணன் உருகும் காட்சியின் அடியில் அந்த வரி ஓடுவதை யோசித்துப் பாருங்கள். நாங்கள் பீடியையே எடுத்துவிட்டோம்.

8. சென்சார் விண்ணப்பம்

விண்ணப்பம் முழுக்க 'இ-சினிபிரமாண்' இணையதளத்தில்தான். தமிழ்ப்படம் என்றால் சென்னை மண்டல அலுவலகத்துக்குப் போகும்; அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில். கையில் வைத்திருக்க வேண்டியவை: கதைச் சுருக்கம், முழு வசனத்தோடு உள்ள ஸ்கிரிப்ட், பாடல் வரிகள், நடிகர் மற்றும் தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், தலைப்புக் கடிதம், விலங்கு வாரியச் சான்று, தேவைப்பட்டால் உறுதிமொழிப் பத்திரங்கள். கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. சென்சார் குழு பார்ப்பதற்கான ப்ரிவியூ தியேட்டர் வாடகை உங்கள் செலவு.

ஸ்கிரிப்டை எடிட்டுக்கு முந்தைய பிரதியிலிருந்து கொடுத்துவிடாதீர்கள். திரையில் வரும் வரிசையில், வரும் வசனம் மட்டும் இருக்க வேண்டும். உட்கார்ந்து படத்தை ஓடவிட்டு எழுத எங்களுக்கு நான்கு நாள் ஆனது. பின்னணி இசை, கலர் எல்லாம் முடிந்த பிரதியைத்தான் காட்ட வேண்டும்.

1991ஆம் ஆண்டு சென்சார் வழிகாட்டு நெறிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். எடிட் செய்வதற்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது. நம் வகைப் படத்துக்கு முக்கியமானவை: வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது. குற்றம் செய்யும் முறையைக் கற்றுக்கொடுப்பது போலக் காட்டக் கூடாது. குழந்தை வன்முறைக்கு ஆளாவதையோ, வன்முறையைப் பார்க்க வைக்கப்படுவதையோ காட்டுவதில் கவனம் வேண்டும். பொழுதுபோக்குக்காகவே வைக்கப்பட்ட, மனதை மரத்துப்போகச் செய்யும் வன்முறை கூடாது.

தம்பி இறப்பதை நாங்கள் காட்டவில்லை. சைக்கிள் சக்கரம் சுற்றி நிற்பதுடன் காட்சி முடியும். அதனால் அங்கே ஒரு கேள்வியும் வரவில்லை. கேள்வி வந்தது கடைசிச் சண்டையில்.

படம் முடிந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். குழுவில் இருந்த ஒரு அம்மா குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கடைசியில ஆறு வெட்டு வெட்டுறான். மூணாவது வெட்டுலயே அந்த ஆள் முடிஞ்சுட்டான். மிச்சம் மூணு யாருக்கு, தம்பி?" எனக்கு பதில் வரவில்லை. தம்பிக்காக என்றால் மூன்றே போதும். மிச்ச மூன்றையும் கைதட்டலுக்காக வைத்தேன் என்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது. குளோஸப் இரண்டும் வெட்டு மூன்றும் போயின. இப்போது படத்தைப் பார்க்கும்போது அந்த இடம் முன்பை விடக் கனமாக இருக்கிறது.

குழு காட்சியை வெட்டச் சொன்னால் வீடு திரும்பிக் கோபப்படுவதற்குள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த அடி இழப்பிலிருந்து வந்ததா? வந்ததென்றால் அதற்காக நின்று பேசுங்கள். மறுஆய்வுக் குழுவுக்குப் போகும் உரிமை உண்டு. அதற்கும் மேலே இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். அதனால் அடுத்த படி உயர் நீதிமன்றம்தான். வக்கீல் கட்டணத்தையும் ரிலீஸ் தேதியையும் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

9. எந்தச் சான்றிதழ் வந்தால் என்ன

2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு (எல்லாருக்கும்), ஏ (பெரியவர்களுக்கு மட்டும்) நடுவில் யுஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. பழிவாங்கும் படத்துக்கு யுஏ 16+ கிடைத்தாலே நல்லது. ஏ வாங்கினால் அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டிக் குறைத்து மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். சேட்டிலைட் உரிமையை (டிவி ஒளிபரப்பு உரிமையை) நம்பிக் கடன் வாங்கியிருந்தால் கதை எழுதும்போதே இதை யோசிக்க வேண்டும். சான்றிதழ் இப்போது பத்து ஆண்டில் காலாவதியாவதில்லை, நிரந்தரமாகச் செல்லும்.

10. தேதியைக் கடைசியில் அறிவியுங்கள்

சான்றிதழ் கையில் வரும் முன் போஸ்டரில் தேதி அடிக்காதீர்கள். நாங்கள் அடித்தோம், ஒட்டிய போஸ்டர் காசும், தியேட்டர்காரரிடம் சொன்ன சொல்லும் போனது. அவசரம் என்றால் முன்னுரிமை அடிப்படையில் படம் பார்க்க வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் காகிதம் குறைவாக இருந்தால் அதுவும் உதவாது. தியேட்டருக்கான டிஜிட்டல் பிரதி, அதைத் திறக்கும் சாவி இவற்றுக்குச் சான்றிதழுக்குப் பிறகு குறைந்தது பத்து நாள் வையுங்கள்.

சென்சாருக்குப் போகும் முன், உங்களைத் தெரியாத இருபது பேருக்குப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் காட்டினோம். முடிந்ததும் ஒரு பெரியவர் சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாம் முடிஞ்சப்புறமாவது அந்த சீட்டை ஏத்தினானா இல்லையா?" என்றார். அந்த ஷாட்டை எடுத்திருந்தோம். நீளம் கருதி எடிட்டில் நீக்கிவிட்டோம். சான்றிதழ் வாங்கிய படத்தில் ஒரு விநாடி சேர்த்தாலும் சென்சார் வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் குறிப்பு வாங்கிய பிறகுதான் ஓட்ட வேண்டும். சொல்லாமல் சேர்ப்பது குற்றம். அந்த ஷாட்டைச் சேர்க்க மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், புது டிஜிட்டல் பிரதி, இன்னொரு பதினேழு நாள். நான்கு விநாடி ஷாட் அது. பட்டறை வெளிச்சம், ஒரு கை, ஒரு ஸ்பேனர்.